ஓஸ் மடங்கியிருக்குதுங்களா

டார்ச்சைக் கொஞ்சம் கீழ எறக்குங்க, இன்னும், இன்னும், அங்கதான், அப்படியே வெச்சுக்குங்க என்கிறாள் கோகிலா. சொல்வது என்னிடம், முகம் மட்டும் என் பக்கம் இல்லை. காரின் இன்ஜினுக்குப் பின்னால் நிற்கிற தகட்டில் சாய்த்து வைத்திருக்கிற போனின் பக்கம் இருக்கிறது. போனில் ஒரு ஆள் தெரிகிறார். முழு ஆள் இல்லை, ஒரு தாடை, ஒரு காது, பின்னால் பச்சை பெயின்ட் அடித்த சுவர். சேலத்தில் தன் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, இங்கே கோயமுத்தூர் விளாங்குறிச்சியில் எங்கள் ஃப்ளாட்டுக்கு அடியில் பானட்டைத் திறந்து வைத்திருக்கிற எங்கள் காரின் இன்ஜினை, பக்கத்திலேயே நிற்கிற என்னைவிட நன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். "அந்த ரெண்டாவது போல்ட்டுதாங்க வாணி, அதைக் கழட்டுனா பிராக்கெட் அங்க உக்காந்துக்கும்" என்கிறார். "சரி அருள்" என்கிறாள் இவள். சரி அருள். சரிங்க இல்லை. எங்கள் ஊரில் எல்லோருக்கும் ங்க போடுவோம், வெளியூர்க்காரர்கள் அதைச் சொல்லிக் கிண்டல் செய்வார்கள், கோகிலா அதில் இன்னும் ஒரு படி மேலே, பால்காரருக்கு ங்க, வாட்ச்மேனுக்கு ங்க, எதிர்வீட்டில் யுகேஜி படிக்கிற குழந்தைக்குச் சாப்பிட்டீங்களா சாமி, தப்பாக நம்பர் போட்டுக் கூப்பிட்டவருக்கு இல்லீங்க இது வேற நம்பருங்க. எனக்குப் பதினாறு வருஷமாக ங்க. அருளுக்கு மட்டும் இல்லை. அவர் பெயர் அருள்தாஸ். அவர் இன்னும் இவளுக்கு ங்க போடுகிறார், அதை நான் கவனித்துவிட்டேன், அவர் தள்ளியே நிற்கிறார், இவள்தான் ஒரு எட்டு முன்னால் போயிருக்கிறாள். அது எப்போது நடந்தது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு வார்த்தையிலிருந்து இரண்டு எழுத்து உதிர்வதற்கு எத்தனை நாள் ஆகும், முதல் தடவை உதிர்ந்தபோது நான் எங்கே இருந்தேன், ஒன்பதாம் வகுப்பு பி பிரிவின் தேர்வுத்தாளைத் திருத்திக்கொண்டு பக்கத்து அறையில்தான் இருந்திருப்பேன்.

வாணி என்று ஒருத்தி இருப்பதே எனக்கு மூன்று மாதத்துக்கு முன்புதான் தெரியும். முழுப்பெயர் கோகிலவாணி, எனக்கும் அவள் வீட்டாருக்கும் கோகிலா, கணபதியில் அவள் வேலை பார்க்கிற பம்ப் கம்பெனியில் கோகிலா மேடம். இந்தப் பழைய டீசல் வண்டியை வாங்கிய பிறகு, இதே வண்டி வைத்திருக்கிறவர்கள் நடத்துகிற ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தாள், அங்கே வாணி. குழுவின் பெயர் டீசல் குடும்பம். முதலில் நானும் சிரித்தேன். குடும்பம் என்றா வைத்திருக்கிறார்கள் என்று கேட்டேன், ஆமாங்க என்று அவளும் சிரித்தாள். இப்போது அந்தப் பெயரை நினைத்தால் செருப்புக்குள் கல் கிடப்பதுபோல இருக்கிறது, எடுத்துப் போடக் குனிந்தால் எல்லோரும் பார்ப்பார்கள், அப்படியே நடக்க வேண்டியதுதான். எனக்கு வண்டி ஓட்ட வராது. கற்றுக்கொண்டேன், லைசென்ஸ் இருக்கிறது, கிளட்ச்சை விடும்போது கால் நடுங்குகிறது, அவ்வளவுதான். அவள் ஓட்டுவாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து வலது பக்கம் லாரி வருது என்பேன், தெரியுதுங்க என்பாள். அதில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. ஒருத்தர் ஓட்ட ஒருத்தர் பார்த்துச் சொல்ல, அது ஒரு ஏற்பாடாகத்தான் இருந்தது. இப்போது பார்த்துச் சொல்கிற வேலையும் சேலத்துக்குப் போய்விட்டது. என் கையில் டார்ச் இருக்கிறது.

"அது ஏன் அருள், இன்லெட் அவுட்லெட் மாறிட்டா என்ன ஆகும்?" என்று கேட்கிறாள். ஏன் என்று கேட்கிறாள். ங்க போனதைவிட இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கல்யாணமான புதிதில் ஒருநாள் குக்கரின் முன்னால் நின்றுகொண்டு முதல் விசில் வர இவ்வளவு நேரம் ஆகுது, அடுத்த விசிலெல்லாம் ஏங்க சீக்கிரம் சீக்கிரம் வருது என்று கேட்டாள். நான் சமையல்மேடையில் சாக்பீஸால் குக்கர் படம் போட்டு, உள்ளே ஆவியைப் புள்ளி புள்ளியாகப் போட்டு, வெப்பம், அழுத்தம் எல்லாம் சொன்னேன், அரைமணி நேரம், சாதம் குழைந்துவிட்டது. அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்ட முகம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. நான் இயற்பியல் வாத்தியார், தினமும் நாற்பத்தைந்து பேர் முன்னால் நின்று பேசுகிறவன், அந்த நாற்பத்தைந்து பேரில் ஒருத்தர்கூட அப்படிக் கேட்டதில்லை. பிறகு அவள் கேட்பது எப்போது நின்றது. நான் சொல்வது அலுத்ததா, கேட்கும்போதெல்லாம் அரைமணி நேரம் எடுத்துக்கொண்டேனா, இல்லை ஒருநாள் கேட்டபோது பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் ம்ம் என்றேனா. ம்ம் என்றிருப்பேன். இன்றைக்கு மாட்டுகிற இந்தச் சாமான், கேட்ச் கேன், வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்தபோதே, ஒரு சொம்பு அளவு கருப்பு டப்பா, மேலே இரண்டு மூக்கு, உள்ளே கம்பி வலை, பார்த்த இரண்டு நிமிஷத்தில் அது என்ன செய்யும் என்று எனக்குப் புரிந்துவிட்டது. இன்ஜினுக்குள் எரிகிற வாயுவில் கொஞ்சம் பிஸ்டன் ஓரமாக நழுவி, கீழே எண்ணெய் இருக்கிற இடத்துக்கு இறங்கிவிடும். அங்கே அடைந்து கிடக்க விடக்கூடாது, அழுத்தம் ஏறும். அதற்காக இன்ஜினின் மேல்மூடியிலிருந்து ஒரு ரப்பர் ஓஸ் போட்டு, அந்த வாயுவை இன்ஜின் இழுக்கிற காற்றோடேயே திரும்பச் சேர்த்துவிட்டிருப்பார்கள். போகிற வாயு எண்ணெயையும் பனிபோல இழுத்துக்கொண்டு போகும், போகிற வழியெல்லாம் பிசுக்கு கட்டும். நடுவில் இந்த டப்பாவை மாட்டிவிட்டால் எண்ணெய் டப்பாவில் நின்றுவிடும், வாயு மட்டும் போகும். இவ்வளவுதான். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், இந்தத் தடவை மூன்றே நிமிஷத்தில் சொல்லியிருப்பேன். பெட்டியை மேசையில் வைத்துவிட்டு இரண்டு நாள் காத்திருந்தேன். அவள் கேட்கவில்லை.

போன வாரம் அவள் குளிக்கப் போனபோது போனை எடுத்தேன். இதை நான் யாரிடமும் சொல்ல முடியாது, இப்போது எனக்கே சொல்லிக்கொள்வதற்குள் காது சுடுகிறது. தண்ணீர் விழுகிற சத்தம் கேட்கிறவரை நேரம் இருக்கிறது என்று நின்றுகொண்டே படித்தேன், மேலிருந்து கீழே, மூன்று மாதம். ஓஸ் எத்தனை எம்எம், கிளாம்ப் ஸ்க்ரூ வெச்சது வாங்குங்க ஸ்ப்ரிங் வெச்சது வேண்டாம், ஆயில் மாத்தியாச்சா, கறுப்புப் புகை வருதா, இந்தச் சத்தத்தைக் கேளுங்க என்று இவள் அனுப்பிய இன்ஜின் சத்தம், அதற்கு அவர் அனுப்பிய பதில் சத்தம், அதில் நடுவில் ஒரு இருமல். ஒரே ஒரு இடத்தில், மத்தியானம் ஒன்றரைக்கு, சாப்டீங்களா. அதற்கு இவள், இனிமேதான். அவ்வளவுதான். சாப்டீங்களா என்பது நம் ஊரில் ஒன்றுமே இல்லை, வணக்கத்துக்குப் பதிலாகச் சொல்வது, தலைமையாசிரியர் என்னிடம் தினமும் கேட்கிறார். ஆனால் அன்றைக்கு மத்தியானம் ஒன்றரைக்கு நான் என்ன செய்துகொண்டிருந்தேன், நான் அவளை அப்படிக் கேட்டது எப்போது. தேடியது கிடைத்திருந்தால் கோபமாவது பட்டிருப்பேன். கிடைக்காததால் கோபத்தை வைக்க இடமில்லாமல் இன்னும் தூக்கிக்கொண்டு அலைகிறேன். அவர் படத்தையும் பெரிதாக்கிப் பார்த்தேன். வண்டியின் மேல் கை வைத்துக்கொண்டு நிற்கிறார், முன்தலையில் முடி இல்லை, சட்டை தொப்பையில் இழுத்துப் பிடித்திருக்கிறது, ஏதோ ஃபேக்டரியில் மெயின்டெனன்ஸ் வேலை. ஆள் அழகாக இருந்திருந்தால் எனக்கு ஒரு காரணம் கிடைத்திருக்கும். இந்த ஆளிடம் என்ன இருக்கிறது என்று கேட்டால், அவரிடம் இருப்பது வேறு ஏதோ ஒன்று என்றாகிறது, அது எனக்குக் கண்ணில் படாதது, அதனால் என்னிடம் இல்லவே இல்லாதது.

பிராக்கெட் உட்கார்ந்துவிட்டது. டப்பாவை அதில் வைத்து முறுக்குகிறாள், முழங்கை வரை கறுப்பு, நெற்றியில் ஒரு கீற்று, சுடிதார் துப்பட்டாவைக் குறுக்கே இழுத்து இடுப்பில் கட்டியிருக்கிறாள். அழகாக இருக்கிறாள். இதை இப்போது அவரும் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது அதற்கு அடுத்த நொடியே வருகிறது, நடுவில் ஒரு நிமிஷம்கூட எனக்கு விடாமல் வருகிறது. போனுக்குள்ளிருந்து ஒரு பெண்குரல், "ஏங்க, தோசைக்கு மாவு ஊத்தட்டுமா, இன்னும் முடியலியா?" அவர் திரும்பி, "ஒரு பத்து நிமிசம், அவங்க பாதியில நிக்கறாங்க" என்கிறார். அவர் மனைவி. அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கு நிம்மதி வர வேண்டும், நானும் அதற்கு இடம் விட்டுக் காத்திருந்தேன், வந்தது வேறு. அந்தம்மாவும் நம்மைப் போலத்தான், கையில் கரண்டியோடு கதவோரம் நின்று இந்தக் குரலைக் கேட்டுக்கொண்டிருக்கிறாளோ என்றுதான் தோன்றியது. இருவரும் ஒரே காரியம் செய்கிறோம். அடுத்த சனிக்கிழமை வால்பாறைக்குப் போகிறார்கள், குழுவில் பதினொரு வண்டிகள், குடும்பத்தோடு வரலாம். கோகிலா என்னை இரண்டு தடவை கூப்பிட்டாள். பேப்பர் திருத்த வேண்டும் என்றேன். பொள்ளாச்சியில் என் தங்கை வீட்டில் லீவுக்குப் போயிருக்கிற மகளை வழியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவாள், அம்மாவும் மகளும் நாற்பது கொண்டைஊசி வளைவு ஏறிப் போய்வருவார்கள். அதற்கு முன்னால் இதை மாட்டிவிட வேண்டும் என்பதற்காகத்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை.

"ஓஸை அளந்து ஒரு விரக்கடை கூடுதலா வெச்சு வெட்டுங்க, பத்தாமப் போச்சுன்னா ஒட்ட வெக்க முடியாது" என்கிறார் அருள்தாஸ். "எங்க கம்பெனில இதைத்தான் தினமும் சொல்லி அடிச்சுக்கறேன், எவனும் கேக்க மாட்டீங்கறான்" என்கிறாள் இவள். "எங்க ஃபேக்டரில ஒருத்தன் இருக்கான், வெட்டிட்டுத்தான் அளப்பான்" என்கிறார் அவர். கோகிலா சிரிக்கிறாள். தலையைப் பின்னால் சாய்த்து, பானட்டில் இடித்துக்கொண்டு, ஸ் என்று தலையைத் தேய்த்துக்கொண்டே இன்னும் சிரிக்கிறாள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது. இருக்கிறது, எனக்கும் லேசாக உதடு அசைந்தது, அசைந்ததை நானே அடக்கினேன். காலையிலிருந்து இது மூன்றாவது சிரிப்பு. ஒரு ஓஸ் இன்ஜின் மூடியிலிருந்து டப்பாவுக்கு, இன்னொரு ஓஸ் டப்பாவிலிருந்து பேட்டரிக்குப் பின்னால் சுற்றிக் காற்றுக்குழாய்க்கு. இரண்டாவதை நுழைத்துவிட்டாள், கிளாம்ப் முறுக்கிவிட்டாள். "நீ சொன்னியே, அதே மாதிரி கச்சிதமா உக்காந்துருச்சு" என்கிறாள். நீ சொன்னியே. நீ. "கடைசியா ஒண்ணு வாணி, ரெண்டாவது ஓஸு எங்கயும் மடங்கலயே? பேட்டரிக்குப் பின்னாடி நல்லாப் பாத்துருங்க, அது ரொம்ப முக்கியம்" என்கிறார் அவர். அந்த இடம் அவள் நிற்கிற பக்கத்திலிருந்து தெரியாது. என் பக்கம். "உங்க பக்கம் ஓஸ் எங்கயாச்சும் மடங்கியிருக்குதுங்களா, பாருங்க" என்கிறாள்.

பார்த்தேன். டார்ச்சை அடித்து, குனிந்து, நன்றாகவே பார்த்தேன். பேட்டரியின் பின்மூலையில் ஓஸ் திரும்புகிற இடத்தில் அது வளையவில்லை, மடிந்திருந்தது, தண்ணீர் பாய்ச்சுகிற ரப்பர் குழாயை நிறுத்துவதற்கு நாம் கையால் மடித்துப் பிடிப்போமே, அதேபோல, மடிப்பின் விளிம்பில் ரப்பர் வெளுத்து. இந்தப் பாடத்தைப் பதினெட்டு வருஷமாக நடத்துகிறேன். அடைத்துவைத்த பாத்திரத்தில் வாயு சேரச் சேர என்ன ஆகும், எந்த இடம் முதலில் விட்டுக்கொடுக்கும், சொல்லுங்கள் பார்க்கலாம். எந்த இடம் பலவீனமோ அந்த இடம் சார். எனக்குத் தெரியாமல் இல்லை. "இல்லை, நல்லா இருக்கு" என்றேன். சொல்லி முடிக்கிறவரை அதைச் சொல்லப்போகிறேன் என்று எனக்குத் தெரியாது. குரல் சாதாரணமாக இருந்தது, கொஞ்சம் அலட்சியமாகக்கூட. "சார் பாத்துட்டார்னா சரிதாங்க" என்றார் போனுக்குள்ளிருந்து அருள்தாஸ். என்னை அவர் நம்பினார். மூன்று மாதமாக அந்த மனிதனை ஒரு சொல்லுக்குக்கூட நான் நம்பியதில்லை.

ஸ்டார்ட் செய்தாள். வண்டி உறுமி, பிறகு அடங்கி, சீராக ஓடியது. சத்தத்தில் ஒரு வித்தியாசமும் எனக்குத் தெரியவில்லை. பத்து நிமிஷம் அப்படியே ஓடட்டும், பிறகு ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்க, நான் தோசை சாப்ட்டுட்டுக் கூப்பிடறேன் என்று அவர் போனை வைத்தார். அந்தப் பத்து நிமிஷம் முழுக்க எனக்கு நேரம் இருந்தது. கோகிலா ஸ்பேனர்களைத் துடைத்துப் பையில் போட்டாள், நான் தரையில் விழுந்திருந்த ஓஸ் துண்டுகளைப் பொறுக்கினேன். இப்போது சொல்லலாம். இரு, இங்கே ஏதோ மடங்கின மாதிரி இருக்கு, இப்பத்தான் கவனிச்சேன் என்று சொன்னால் முடிந்துவிடும், யாருக்கும் ஒன்றும் தெரியாது. வாய் வரை வந்தது. சொன்னால் அவள் உடனே அவரைக் கூப்பிட்டுச் சொல்வாள், அவர் ஏதாவது சொல்வார், அவள் சிரிப்பாள், நான்காவது. இன்னும் ஒரு நிமிஷம் போகட்டும் என்று இருந்தேன். நான் ஆசைப்பட்டது என்ன என்று இப்போது கேட்டுப்பார்க்கிறேன். வண்டி கெட வேண்டும் என்றா. இல்லை. அவர் சொன்னபடி செய்தும் சரியாக வரவில்லை என்று அவள் ஒரே ஒரு தடவை முகம் சுருங்கிச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான், இத்தனூண்டு. இத்தனூண்டுக்காக மூடிய இடத்தில் நெருப்பை வைத்துவிட்டு நிற்கிறேன். பத்து நிமிஷம் ஆகிவிட்டது. "வர்றீங்களா?" என்றாள். ஏறி உட்கார்ந்தேன்.

சரவணம்பட்டி தாண்டி சத்தி ரோட்டில் நேராக விடுகிறாள். ஞாயிற்றுக்கிழமை, கூட்டம் இல்லை, கண்ணாடியை இறக்கிவிட்டிருக்கிறாள். "புல்லிங் நல்லா இருக்குதுங்க, உங்களுக்குத் தெரியுதா?" என்கிறாள். எனக்குத் தெரிவது காலுக்கு முன்னால், அந்தத் தகடுக்கு அந்தப் பக்கம், ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக நழுவி இறங்கி, போக வழி இல்லாமல் மடிப்பில் முட்டி, திரும்பி, சேர்ந்துகொண்டே இருக்கிற வாயு. புள்ளி புள்ளியாக. அவள் ஆக்சிலேட்டரை மிதிக்கும்போதெல்லாம் இன்னும் கூடுகிறது. ஏதோ ஒரு சீல் பிதுங்கும், எண்ணெய் கசியும், சூட்டில் பட்டுப் புகையும். இங்கே சமதரையில் அல்லது சனிக்கிழமை பதினெட்டாவது வளைவில், பின்சீட்டில் மகள் தூங்கிக்கொண்டிருக்கும்போது. அவள் பஸ்ஸிலும் காரிலும் ஏறியதுமே தூங்கிவிடுவாள், வாயைத் திறந்துகொண்டு. அந்த வாய்தான் கண்முன் வந்தது. குரும்பபாளையம் போர்டு கடந்தது. இப்போதும் நான் நல்லவனாகத் தப்பிக்க ஒரு வழி இருக்கிறதா என்றுதான் தேடினேன், ஏதோ வாசனை வருது, நிறுத்திப் பாக்கலாமா என்று சொல்லலாம், அதையே சொல்லலாம் என்று முடிவும் செய்துவிட்டேன். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். "உடம்பு சரியில்லீங்களா, இப்படி வேர்க்குது" என்று, கையில் எண்ணெய் என்பதால் மணிக்கட்டின் பின்பக்கத்தால் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"வண்டிய நிறுத்து" என்றேன். ஓரங்கட்டி நிறுத்தினாள். "ஓஸ் மடங்கியிருக்கு. பேட்டரிக்குப் பின்னாடி." எப்ப பாத்தீங்க என்றாள். "நீ கேட்டப்பவே பாத்தேன். பாத்துட்டுத்தான் இல்லைன்னேன்." அவள் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தாள். கேட்டது புரியாதவள்போல என் வாயைப் பார்த்தாள், பிறகு இறங்கிப் போய் பானட்டைத் தூக்கினாள். நானும் இறங்கினேன். சூடு முகத்தில் அடித்தது. எண்ணெய் அளவு பார்க்கிற கம்பி, தன் துளையிலிருந்து ஒரு விரல் உயரம் தானாக மேலே எழும்பி நின்றது, அதைச் சுற்றி எண்ணெய் கசிந்து பளபளத்தது. அவள் அதைப் பார்த்தாள், நான் பார்க்கிறேனா என்றும் பார்த்தாள். கம்பியை அழுத்தி உள்ளே தள்ளினாள். சீட்டுக்கு அடியிலிருந்து துணியையும் ஸ்க்ரூடிரைவரையும் எடுத்து, கிளாம்பைத் தளர்த்தி, ஓஸைப் பேட்டரிக்குப் பின்னாலிருந்து உருவி, மேலாக விட்டு, மறுபடி முறுக்கினாள். நான் டார்ச்சைத் தேடினேன், வெயில் அடித்துக்கொண்டிருந்தது, டார்ச்சுக்கு அங்கே வேலை இல்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். மடிந்த இடத்தை அவள் கட்டைவிரலால் நீவி நீவிப் பார்த்தாள், விரிசல் இருக்கிறதா என்று.

"எதுக்குங்க?" என்றாள், நிமிராமலே. நான் சொல்ல நினைத்து வைத்திருந்தது நிறைய. வந்தது இதுதான்: "அவர்கிட்டப் பேசறப்ப நீ வேற மாதிரி இருக்கற." அவள் மறுப்பாள் என்று காத்திருந்தேன். நீங்க ஒண்ணு, அவரு தம்பி மாதிரிங்க என்று சொல்வாள், நான் நம்பாமல் நம்புவேன், வீட்டுக்குப் போய்விடலாம். அவள் துணியால் ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். "ஆமாங்க" என்றாள். "அவர்கூடப் பேசுனா எனக்கு நல்லாத்தான் இருக்குது. கேட்டா சொல்றாரு, தெரியலைன்னா தெரியலைங்கறாரு. வேற ஒண்ணும் இல்ல. ஆனா நல்லா இருக்குது, அதை இல்லைன்னு நான் உங்ககிட்டப் பொய் சொல்ல மாட்டேன்." ஒரு டவுன் பஸ் எங்களைக் கடந்து போனது, தூசி அடங்குகிறவரை இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டு நின்றோம். "சனிக்கிழமை அவ பின்னாடி உக்காந்திருப்பாளுங்க" என்றாள், மகளைச் சொல்லி. "தெரியும்" என்றேன். "தெரிஞ்சும்" என்று ஆரம்பித்தவள் அதை முடிக்கவில்லை.

போன் அடித்தது. காருக்குள் டேஷ்போர்டில் கிடந்தது, அருள்தாஸ். தோசை சாப்பிட்டு முடித்திருப்பார். அவள் எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு நடந்தாள், பத்திருபது அடி தள்ளி, ஒரு புளியமரத்துக்கு அந்தப் பக்கம். மூன்று மாதமாக அவரோடு வீட்டில் பேசியதெல்லாம் ஸ்பீக்கரில்தான், கூடத்தில், சமையலறையில், நான் இருக்கிற இடத்தில், எனக்குக் கேட்கிற மாதிரி. அது எனக்கு இரைச்சலாக மட்டும்தான் பட்டிருக்கிறது, அவள் எதற்காக அப்படிப் பேசினாள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. இப்போது ஒன்றும் கேட்கவில்லை. முதுகு தெரிந்தது, துப்பட்டா முடிச்சுத் தெரிந்தது, ஒரு தடவை தோளைத் தூக்கி முகத்தை அதில் துடைத்துக்கொண்டது தெரிந்தது. வேர்வையா வேறு ஏதாவதா என்று பின்னாலிருந்து பார்த்துச் சொல்ல முடியவில்லை. என்னைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருப்பாள். சொல்லட்டும், சொல்ல வேண்டியதுதான். இனிமேல் அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஓஸும் கிளாம்பும் போக, நான் செய்தது ஒன்றும் இருக்கும், அவர் அவளுக்கு ஆறுதல் சொல்வார், ங்க போட்டுத்தான் சொல்வார், அதை நானே செய்து, நானே கையில் கொடுத்திருக்கிறேன். நான்கு நிமிஷம் பேசினாள். வாட்சைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

திரும்பி வந்து பானட்டை மூடினாள். ஏறினோம். ஸ்டார்ட் செய்தாள், கியரைப் போடவில்லை, இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "அவர்கிட்ட உங்களச் சொல்லல" என்றாள். "நான்தான் சரியாப் பாக்காம விட்டுட்டேன்னு சொன்னேன். வாணி நீங்களா அப்படி விட்டீங்கன்னு கேட்டார், நம்பவே இல்ல, திரும்பத் திரும்பக் கேட்டார். நானும் திரும்பத் திரும்பச் சொன்னேன்." கண்ணாடியில் பின்னால் வண்டி வருகிறதா என்று பார்த்தாள். "இத்தன நாள் அவர்கிட்டப் பேசுனதுல மறைக்கறதுக்குன்னு ஒண்ணுமே இருந்ததில்லீங்க. இன்னிக்கு உங்களுக்காக மறைச்சேன்." கியர் விழுந்தது. வண்டி ரோட்டில் ஏறித் திரும்பி, சரவணம்பட்டியைப் பார்த்து ஓட ஆரம்பித்தது. நான் அழுதிருக்கலாம், கையைப் பிடித்திருக்கலாம், குறைந்தது மன்னிச்சுக்கோ என்றாவது சொல்லியிருக்கலாம். வார்த்தை தயாராகத்தான் இருந்தது. அதற்கு முன்னால் இன்னொன்று எழுந்து வந்து வழியை மறித்துக்கொண்டு நின்றது, உங்களுக்காக என்றால் என் முன்னாலேயே சொல்லியிருக்கலாமே, எதற்கு மரத்துக்கு அந்தப் பக்கம் போனாள், மறைத்ததைச் சொல்ல நான்கு நிமிஷம் எதற்கு. இந்த நேரத்திலுமா என்று எனக்கே அருவருப்பாக இருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டேன், கேட்கக் கூடாது, இந்த ஜென்மத்தில் கேட்கக் கூடாது, வலது பக்கம் லாரி வருது என்றேன், தெரியுதுங்க என்றாள், கேட்கக் கூடாது கேட்கக் கூடாது என்று குரும்பபாளையம் தாண்டும் வரை கேட்காமலே வந்தேன், சரவணம்பட்டி சிக்னலில் வண்டி நின்றது, அறுபது நொடி, எதிரே சிவப்பில் எண் குறைந்துகொண்டே வந்தது, ஐம்பத்து மூன்றில் வாயைத் திறந்தேன்.